கீறோம்

"நாங்க நல்லா கீது" என்று பாடிக்கொண்டே ஆட்டோ நான்காவது தடவையாகப் பந்தலைக் கடந்து போனபோது, அதன் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிக்கவேண்டும் போலிருந்தது சௌக்கத் அலிக்கு.

குரல் அவனுடையதுதான். அடித்தொண்டைக் கரகரப்பு, வரி முடிகிற இடத்தில் மூச்சை வெட்டி நிறுத்துகிற விதம், எல்லாம் அச்சு அசல். சாயப்பொடி ஆலை பெரிசானால் எண்ணூருக்கு வேலை வரும், பயப்படாதே நைனா என்று ஒரு வாரமாகத் தெருத்தெருவாகச் சுற்றுகிறது.

அவன் அந்தப் பாட்டைப் பாடவில்லை. எழுதவும் இல்லை. அவனுடைய பழைய பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அரைத்து எவனோ செய்த திருட்டு வேலை.

ஆலையைப் பெரிதாக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் இன்றைக்கு. முந்நூறு பேர் இருந்த பந்தலில் அவன் நுழைந்ததும் பேச்சு நின்றது.

பன்னிரண்டு வருடம் ஆலையை எதிர்த்து இவர்களோடு மறியலில் உட்கார்ந்தவன். போலீஸ் வேனின் தகரத்தில் தாளம் தட்டி ராப் பாடியவன். இன்று அவன் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

முன்வரிசையிலிருந்து தேவப்பிரியம் திரும்பினாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவனுடைய முதல் சிடியை மீன் வாங்க வந்தவர்கள் கையிலெல்லாம் திணித்தவள்.

"எவன் சொல்லியும் மாத்தாத பேச்சை இப்போ நீயே மாத்திக்கினியா சௌக்கத்து? நாங்க கீறோம்டா. அது இன்னா, நாங்க கீது? நாங்க இன்னா ஆடா மாடா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

பதினெட்டு வருடம் முன்னால் ஒரு பாட்டுக் கம்பெனி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'இன்னா'வை 'என்ன' ஆக்கு, 'கீது'வை 'இருக்கு' ஆக்கு, படத்தில் போடலாம் என்றது. இந்தப் பேச்சு காமெடிக்குத்தான் சரிப்படுமாம். கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தான்.

வண்ணாரப்பேட்டை வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மெத்தையைச் சாய்த்துவைத்து, அதற்குள் நின்றே இருபத்து மூன்று வருடம் பாடினான். அவனே பதிவு செய்தான், அவனே ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நின்று விற்றான். குரல் கெடக்கூடாதென்று பீடி தொட்டதில்லை. எவனுக்கும் ஒரு வரியைக்கூட எழுதிக் கொடுத்ததில்லை.

அன்று ஒரு கூட்டம் 'கீது' வேண்டாம் என்றது. இன்று இன்னொரு கூட்டம் அதைத் திருடியிருக்கிறது. திருடியதை ஒழுங்காக வைத்துக்கொள்ளவாவது தெரிகிறதா? வூடு கீது, கடல் கீது, பொணம் கீது. நாங்கள் இருக்கிறோம் என்றால், நாங்க கீறோம். இந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகூட இதைத் தப்பாகச் சொல்லாது.

மேசையில் சீட்டு வாங்கிப் பெயரை எழுதிக் கொடுத்தான். பதினேழாவது ஆள் என்றார்கள்.

கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அந்தத் துண்டு இல்லாமல் அவனை யாரும் மேடையில் பார்த்ததில்லை. அதனால் இந்த வெயிலில் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை.

போனால் ஊருக்கே தெரிந்துபோகும் என்று காலையில் அவன் மனைவி சைமா வாசலை மறித்து நின்றாள். அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு வந்திருந்தான். பாட்டுக்காரன் என்ற பேர் போனால் போகட்டும். விலைபோனவன் என்ற பேரோடு இவர்கள் நடுவில் அவனால் வாழமுடியாது.

பதினேழு என்று கூப்பிட்டார்கள். "பேசுங்க சார்" என்றார் அதிகாரி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சௌக்கத் மைக்கை எடுத்தான். பின்னாலிருந்து எவனோ விசிலடித்தான். சிரிப்பு கேட்டது.

துண்டை அவிழ்த்தான்.

கழுத்தின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. புற்று என்று குரல்வளையை முழுசாக எடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. அதுமுதல் அவன் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை; சைமாவைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

மைக்கை வாயருகே கொண்டுபோகவில்லை. துளைக்கு நேராகப் பிடித்தான்.

காற்று உள்ளே போகிற சத்தம், வெளியே வருகிற சத்தம். பந்தலின் நாலு ஒலிபெருக்கியிலும் அது மட்டுமே கேட்டது. தேவப்பிரியம் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். அதிகாரி இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வெளியே ஆட்டோ திரும்பி வந்தது. தங்குதடை இல்லாமல், சௌக்கத் அலியின் குரலில், நாங்க நல்லா கீது என்று பாடிக்கொண்டு போனது.