சுந்தர்சிங்கின் பிரஷர்

“சுந்தர்சிங்குக்கு பிரஷர் பாத்துட்டு வாறவங்கதான் சூப்பர்வைசர். போட்டின்னா போட்டி!” என்று மேசையைத் தட்டினார் சுகாதார அதிகாரி ஜேசுதாஸ். அவர் கையில் போன மாதப் பதிவேடு. சுந்தர்சிங் பெயருக்கு நேரே கட்டம் காலி.

திற்பரப்பு ரோட்டு ரப்பர்த் தோட்டக்காரர் சுந்தர்சிங் என்றாலே முசுடு என்று பெயர். பிரஷர் பார்க்கப் போன பெண்களையெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர்.

வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர். அதில் பதினொரு பேர் பெண்கள். ஒன்பது வருஷமாக மேடு பள்ளமெல்லாம் நடந்த பூங்கனிக்குத்தான் சூப்பர்வைசர் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பூங்கனியும்தான். ஜேசுதாஸுக்கோ, போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து வந்து சேர்ந்த அபினேஷைப் போட்டுவிடத் துடிப்பு. மீசை இருக்கிறதே, வேறென்ன தகுதி வேண்டும்!

பூங்கனி எழுந்தாள். “சார், அந்த சுந்தர்சிங் அண்ணன்...”

“தெரியும்மா. பொம்பளைய வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாரு. அதுக்குத்தானே ஆம்பிளை வேணும்ங்கேன்!”

“அதில்ல சார்...”

“சாக்கு சொல்லாத, இரி! மொதல்ல அபினேஷ் போகட்டும்.”

பூங்கனி உட்கார்ந்தாள். ஒரு பெண் பேசுவதை முழுசாகக் கேட்டால் இந்த மனுசனுக்குக் காது கழன்றா விழுந்துவிடும்?

அபினேஷ் வீடு எது என்றுகூடக் கேட்கவில்லை. பைக்கை முறுக்கிக்கொண்டு போனான். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

“நூத்தி இருவதுக்கு எம்பது, சார்! எளவட்டப் பயலுக்குக்கூட இப்படி இருக்காது.”

“உள்ள விட்டாரா?”

“என்ன சார் இப்படிக் கேக்கீங்க! கட்டன் சாயா போட்டுத் தந்தாரு. இனி மாசாமாசம் நீயே வா மக்கான்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு.”

பின் பெஞ்சில் இருந்த தன்னார்வலர் லீலாபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கூட்டுக்காரி பூங்கனிக்கு வேலை போன துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஜேசுதாஸ்.

“பாத்தீங்களா? பதினோரு பொம்பளைங்க வருஷக்கணக்கா முடிக்காதத ஒரு ஆம்பிளை ஒரு மணி நேரத்துல முடிச்சாச்சு. இவன்தான் சூப்பர்வைசர்!” கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

பூங்கனிக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

“சார், இப்பமாவது நான் சொல்ல வந்தத முழுசா சொல்லட்டா?”

“சொல்லித் தொலை.”

“சுந்தர்சிங் அண்ணன அடக்கம் பண்ணி இன்னைக்குப் பத்து நாளாச்சு, சார்.”