தம்பியின் முழங்கை

மருத்துவர் தம்பியின் சட்டைக் கையைச் சுருட்டியதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் விளக்கைக் கிட்டே இழுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எதற்கு விளக்கு? முழங்கையில் சிவந்த தடிப்பு, அதன் மேல் வெள்ளைச் செதில். பதினான்கு வயதில் அவளுக்கும் இதே இடத்தில்தான் சொரியாசிஸ் தொடங்கியது.

ஐயோ, இவனுக்குமா!

தன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர்," என்றாள் தம்பி மனைவி. "எட்டு மாசமா இவங்கதானே ஆக்கிப் போட்டாங்க. ஒட்டிக்கிச்சு."

தம்பி எங்கே மறுக்கப்போகிறான்? அக்காவின் துண்டைத் தனிக்கொடியில் காயப்போடச் சொன்னவனே அவன்தான். கல்யாணப் போட்டோவில் அவளைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னவனும் அவன்தான். போனாள். கூடப் பிறந்தவனாயிற்றே, என்ன செய்வது? யாருக்கும் முகம் காட்டத் தேவையில்லாத வேலையாகத் தேடிப் பிடித்து, இருபது வருடமாகப் போனில் ஊரார் புகார்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த எட்டு மாதம்தான் அவளுக்குத் தம்பி திரும்பக் கிடைத்திருந்தான். அவள் போட்ட சோற்றை அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். அதுவும் இன்றோடு போயிற்று.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். இது தொட்டாலும் ஒட்டாது, ஆக்கிப் போட்டாலும் ஒட்டாது என்றார். உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்கள் சொந்தத் தோலையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்தால் வருவது இது.

நாற்பது வருடமாகச் சும்மா இருந்த அணுக்களுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டான் தம்பி.

மருத்துவர் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். ரத்தப் புற்றுநோய்க்காக அவனுடைய பழைய அணுக்களை மருந்து கொடுத்து அழித்த தேதி அதில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த, ரத்த அணுக்கள் ஊறும் மஜ்ஜையை அவனுக்கு ஏற்றிய தேதியும் இருந்தது. எப்போதாவது இப்படியும் நடக்கும் என்றார். இப்போது அவன் உடம்பில் காவல் நிற்பவை அவளுடைய அணுக்கள். அவள் தோலுக்குச் செய்ததையே இவன் தோலுக்கும் செய்கின்றன.

தம்பி மனைவி கைப்பையின் ஜிப்பை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

தம்பியைப் பிழைக்க வைத்தேன் என்று இத்தனை நாள் மனசுக்குள் பூரித்துக் கிடந்தேனே, இதையும் சேர்த்தா கொடுத்தேன், பாவி! அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் தம்பி அவள் பக்கம் திரும்பினான். முழங்கையைச் சொறிந்தபடியே, அடங்கின குரலில் கேட்டான்.

"அக்கா, ராத்திரியெல்லாம் உனக்கும் இப்படித்தான் அரிக்குமா?"

இதை யாராவது ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டார்களா என்று முப்பது வருடம் ஏங்கியவள் அவள்.

அவன் கையைப் பிடித்து விலக்கினாள்.

"சொறியாதடா. ரத்தம் வந்துடும்."