எதிர்வீட்டுச் சோறு

“மனசு மாறிடுச்சுங்க, வேற ஒண்ணுமில்ல. எதுத்த ஊட்டுச் சோறு ருசியாப் போச்சு அதுக்கு.”

“நாய்க்கெல்லாம் அப்படி மனசு மாறாதுக்கா. தலையை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, வாயைப் பாத்துடறேன்” என்றாள் ராதிகா.

கால்நடை மருத்துவராக அவள் கொல்லிமலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மருந்தகத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து, பஞ்சு டப்பாவையும் ஊசிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியே போகும். அந்த மாதிரிப் பகல்களில் யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது கண் முன்னால் விரிந்துவிடும். இப்போதும், செவலை நாயைத் தூக்கி வந்த கோகிலா சொல்லச் சொல்ல, குச்சிக்கிழங்குக் காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடும் அந்தப் பக்கம் ஒரு வீடும் முளைத்தன.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மிளகு காயப்போட்ட களத்தில் தொடங்கிய ஏதோ ஒரு சண்டை. அதற்குப் பிறகு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது நாய் மட்டும்தான். இங்கே அதன் பெயர் மணி, அங்கே ராசு. காலையில் இங்கே களி, பொழுது சாய்ந்தால் அங்கே சோறு. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி வாலாட்டும்.

ஆடி நோம்பிக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. கோகிலா வைத்ததை மோந்து பார்க்கும். ஒரு கணம் நிற்கும். காட்டைத் தாண்டிப் போய்விடும். அங்கே கறி போட்டு மயக்கிவிட்டார்கள் என்று அவள் முடிவு கட்டினாள்.

“ஒரு நா காட்டு மேட்டுல நின்னு கத்தியே புட்டேனுங்க. எனக்குன்னு இருக்கற ஒரே சீவனையும் இழுத்துக்கிட்டீங்களான்னு.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“நீதான் அதுக்கு என்னமோ மருந்து வெச்சுட்டே, எங்கிட்ட ஒரு வாயி திங்க மாட்டேங்குதுன்னு திருப்பிக் கத்தறாங்க. நாக்கூசாத பொய்யிங்க.”

எதிர்வீட்டுச் சமையல்கட்டு ராதிகாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஓட்டின் இடுக்கில் புகை. அடுப்பில் கறிக் குழம்பு. அதைக் கிளறியபடி, வெற்றிச் சிரிப்போடு பருத்த ஒரு பெண்மணி. நாய் முனகவே, அந்தப் பெண்மணி புகையோடு கரைந்து போனாள்.

யாரையாவது கடித்ததா, வெறிநாய்த் தடுப்பூசி போட்டதா என்று ராதிகா முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கடிக்கவில்லை, முகாமில் ஊசி போட்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கிறது, ஆனால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஒரு பக்கத்துக் கடைவாயில் மட்டும் எச்சில் ஒழுகியது. அதில் ரத்தக் கீற்று. வாயைத் தேய்த்துத் தேய்த்து முன்னங்காலின் மயிர் கறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம். வாயில் அழுகல் நாற்றம்.

இவையெல்லாம் கோகிலாவின் கண்ணிலும் பட்டவைதான். அந்த வீட்டு எலும்பைக் கடித்துவிட்டு வந்த வாய், அப்படித்தான் நாறும் என்று அவள் நினைத்திருந்தாள்.

ராதிகா உதட்டைத் தூக்கிக் காட்டினாள். காவிக்கறை ஏறிய மேல்வரிசையில் இருப்பதிலேயே பெரிய பல் பிளந்து கிடந்தது. ஈறு முழுக்கச் சீழ்.

“இதை வெச்சுக்கிட்டு எப்படிக்கா மெல்லும்? பசிக்குதுன்னு தட்டுகிட்ட வரும். வலி ஞாபகம் வந்து திரும்பிடும். பாக்கறவங்களுக்கு ரோசம் மாதிரி இருக்கும்.”

“அப்ப அங்க மட்டும் போய்த் தின்னுச்சுங்களே?”

ராதிகா அவள் கையை எடுத்து நாயின் விலாவில் வைத்தாள். ஒவ்வொரு எலும்பும் விரலில் தட்டியது.

“தின்ன நாயா இது? அங்கயும் திங்கலை. அவங்க சொன்னது பொய்யில்லக்கா.”

கோகிலா கையை எடுக்கவில்லை. மேகம் உள்ளே வந்து மூவரையும் நனைத்துவிட்டுப் போனது.

பிழைத்துக்கொள்ளுமா என்று கோகிலா கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சீழ் கண்ணுக்கு ஏறியிருக்கும், இப்போது பயமில்லை என்றாள் ராதிகா. மயக்க ஊசி போட்டதும் கோகிலா நாயின் காதருகே குனிந்து மணி, மணி என்று கூப்பிட்டாள். சற்றுப் பொறுத்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ராசு என்றாள். வால் நுனி லேசாக அசைந்தது.

வேர் இற்றுப்போன பல் அதிகம் வருத்தாமல் கையோடு வந்தது. புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தாள் ராதிகா. சாமைக் கஞ்சியை ஆறவைத்து, மாத்திரையைப் பொடித்து அதில் கலந்து ஊற்ற வேண்டும். எலும்பு கூடவே கூடாது. ஆறிய பிறகும் அவ்வப்போது உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“எதிர்வீட்டுலயும் சொல்லிடுங்கக்கா. அங்க ஒரு எலும்பு போட்டாலும் நாம பட்ட பாடெல்லாம் வீண்.”

“நாஞ் சொன்னா எடுபடாதுங்க. நீங்க சொல்லுங்க. அந்தா நிக்கறாங்க.”

ராதிகா ஜன்னலைப் பார்த்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மேகத்துக்குள் பாதி மறைந்தபடி ஒல்லியான ஒரு மனிதர் நின்றிருந்தார். பருத்த பெண்மணி யாரும் இல்லை.

“நாயைத் தூக்கிட்டு நான் முன்னால வர, வழி முச்சூடும் பின்னாலயே வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல.” கோகிலா புடவைத் தலைப்பால் நாயின் வாயோரத்தைத் துடைத்தாள். “எங்க ஊட்டுக்காரருங்க அது. ஏனுங் டாக்டரம்மா, கஞ்சி ஒரே ஊட்டுலதான் ஊத்தோணும், ரெண்டு பேரும் கூடவே இருந்து பாத்துக்கோணும், இல்லாட்டி இந்தப் புண்ணு ஆறாதுன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்றீங்களா?”