நாலரைக் கட்டை

ஹார்மோனியம் சுருதி கொடுத்துவிட்டது.

அவள் திரைக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி நின்றாள். பாட்டு வரவில்லை.

இது அவளுடைய சுருதி இல்லை.

முகத்தைக் காட்டும் முன் குரலைக் காட்ட வேண்டும். நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட்டின் வழக்கம் அது. முதல் அடியைத் திரைக்குள் இருந்தபடியே எடுத்து, கொட்டகையைக் கட்டிப்போட்ட பிறகுதான் வெளியே வர வேண்டும்.

இன்று கொட்டகையில் கூட்டமில்லை. நாகப்பட்டினத்து மத்தியான வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. முன் பெஞ்சில் விசிறியும் கையுமாகப் பினாங்குக் கண்ட்ராக்டர் சுல்தான் மரைக்காயர். அவருக்குக் கப்பலில் இரண்டே பேர் வேண்டும். ஒரு ஸ்திரீபார்ட், ஹார்மோனியம் வாசிக்க ஒரு பெட்டிக்காரர். மற்றவர்களை அங்கேயே பிடித்துக்கொள்வாராம்.

பெட்டிக்காரர் யார் என்பது முடிவாகிவிட்டது. குழந்தைவேலு.

ஸ்திரீபார்ட் யார் என்பதற்குத்தான் இந்த மத்தியானம்.

இதை விட்டால் அவளுக்கு இனித் தாய் வேஷம்தான். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மேடையோரம் உட்கார்ந்து அழலாம்.

குழந்தைவேலு மறந்திருப்பார் என்று நினைத்தாள்.

பழைய பழக்கத்தில் விரல் போயிருக்கும்.

நாடகக் கம்பெனி நோட்டீசில் அவளுடைய சுருதி இன்னும் ஐந்தரைக் கட்டைதான். அந்த உயரத்தில் பாடித்தான் பெயர் வாங்கினாள். மன்னார்குடியில் காய்ச்சலோடு பாடியபோது குரல் கீறிப்போனது. மறுநாள் மேடையேறியபோது பெட்டி ஒரு கட்டை இறங்கி, நாலரையில் நின்றது. அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஊர் ஊராக நாலரைதான். முதலாளிக்குத் தெரியாது. ஜனங்களுக்குத் தெரியாது.

குழந்தைவேலு அவளுக்குத் தாலி கட்டியதில்லை.

அவள் அந்த நாலரையைத்தான் தாலி என்று நினைத்திருந்தாள்.

பெட்டி மறுபடியும் அதே சுருதியைக் கொடுத்தது. ஐந்தரை. அழுத்தமாக.

திரையின் விலகலில் பார்த்தாள்.

பெட்டி தொடங்கும்போது அவர் கண் திரைக்கு வரும். அவள் தலையசைத்தபின் விரல் நகரும். இத்தனை வருஷத்தில் அது தவறியதில்லை.

இன்று அவர் குனிந்தே இருந்தார்.

"என்னாம்மா, உள்ள தூங்கிட்டியா?" மரைக்காயர் விசிறியால் முழங்காலில் தட்டினார். "கப்பல் கிளம்பிரப் போவுது."

முதலாளி அதற்குச் சிரித்தார்.

அவளுக்குப் பின்னால் தோழி வேஷத்தில் ரஞ்சிதம் நின்றாள். பதினேழு வயது. புதுப் பட்டு கசங்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"பாடுங்கக்கா." பிறகு, இன்னும் மெதுவாக, "ஒடம்புக்கு முடியலன்னா நான் வேணா எடுக்கட்டுமா? இது எனக்குத் தோதான சுருதிதான்."

பெண்ணின் குரலில் கள்ளம் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பெட்டிக்கார அண்ணன் ஒரு வாரமா என்னை இதுலதான் பழக்குறாரு."

ஒரு வாரமாக மத்தியானச் சோறு முடிந்ததும் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். பெட்டியில் ஒரு ரீடு ஒத்துழைக்கவில்லை, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்பார். வெயிலில் போகிறாரே என்று அவள் மோர் கரைத்துக் கொடுப்பாள். நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்.

மறக்கவில்லை.

பெட்டியோடு போனால் மேல் ஸ்தாயியில் குரல் உடையும். பெட்டியை விட்டு இறங்கினால் அபசுரம். எப்படிப் பாடினாலும் முடிவு ஒன்றுதான். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. கையைக்கூட உயர்த்த வேண்டியதில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

திரையை விலக்கினாள்.

பாடாமலே வெளியே வந்த ஸ்திரீபார்ட்டைப் பார்த்து முதலாளி பாதி எழுந்துவிட்டார்.

"பெட்டிக்காரரே" என்றாள். மேடையில் மட்டும் கூப்பிடும் பெயர். வீட்டில் 'இந்தாங்க'தான். "எனக்கு இப்ப அந்தச் சுருதி எட்டாது. எறக்கிக்குங்க."

கொட்டகைக்கே கேட்கும்படிச் சொன்னாள்.

முதலாளியின் முகம் செத்துப்போனது. மரைக்காயரின் விசிறி நின்றது. ரஞ்சிதம் பட்டைக் கைவிட்டாள்.

எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

குழந்தைவேலுவின் விரல் தேடவில்லை. தடவவில்லை. நேரே நாலரையில் போய் அமர்ந்தது. அமர்ந்த பிறகே அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

மரைக்காயர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"ம்" என்றார். "பாடும்மா."

பாடினாள்.

குரல் பழையது இல்லை. உச்சியில் இருந்த மினுக்கு போய், அடியில் ஒரு கருமை சேர்ந்திருந்தது. அதை மறைக்காமல் பாடினாள். முதல் அடியை இரண்டாம் முறை எடுத்தபோது முதலாளி மெல்ல உட்கார்ந்தார்.

குழந்தைவேலு வாசித்தார். அவள் எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே இழுப்பாள், எந்தச் சொல்லில் குரல் தழையும், எல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. தழையும் இடத்தில் பெட்டி முன்கூட்டியே தாழ்ந்து தாங்கிக்கொண்டது. அவ்வளவு ஒட்டி அவர் வாசித்ததே இல்லை.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சரணத்துக்கு முன் நிறுத்தினாள்.

"ஏம்மா, நல்லாத்தானே போவுது?" என்றார் மரைக்காயர்.

அவள் மேடை விளிம்புக்கு வந்தாள். பெட்டி இருந்த பக்கம் திரும்பவில்லை.

"பினாங்குல பெட்டி வாசிக்கிறவங்களும் கெடைப்பாங்களாய்யா?"