இரண்டாவது மைக்

மைக்கைப் பிடித்து ஒரு நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

பந்தலில் எண்ணூறு பேர். உபவாசக் கூட்டம். காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை. எல்லோரும் எப்சியையே பார்த்தார்கள்.

பேச வேண்டிய ஆஸ்திரேலியாக்காரரின் விமானம் ரத்து. அரை மணி நேரத்துக்கு முன்தான் பாஸ்டருக்குப் போன் வந்தது.

"நீயே பேசிரும்மா எப்சி. ஆண்டவரு உன்னய எப்படிக் கூப்பிட்டாருன்னு உன் சாட்சியச் சொல்லு. பதினோரு வருசமா மேடையில நிக்க, உனக்கென்ன பயம்?"

நின்றிருக்கிறாள்தான். வெளிநாட்டிலிருந்து பிரசங்கிக்க வரும் ஊழியர்களுக்கு இடதுபுறம், இரண்டாவது மைக்கில். அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் தமிழில் ஒரு வரி. அவர்கள் அழுதால் அவளும் அழுவாள். குடிகாரனாயிருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். சிறையில் ஆண்டவரைக் கண்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கப்பலிலிருந்துகூடக் குதித்திருக்கிறாள்.

ஒவ்வொரு முறையும் பந்தல் அல்லேலூயா என்று அதிர்ந்தது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பேசினதக் கேட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு குடிய விட்டாவ."

நான் பேசலக்கா என்று சொல்ல வந்தாள்.

சொல்லவில்லை.

சரி. அவளை ஆண்டவர் கூப்பிட்டது எந்த நாளில்?

ஞாயிறு பள்ளி. பி.ஏ. ஆங்கிலம். டியூஷன். எங்கேயும் வெளிச்சம் வரவில்லை. சத்தம் கேட்கவில்லை.

பாஸ்டர் வாட்சைப் பார்த்தார்.

கண்ணை மூடிக்கொண்டாள். வாய் தானாகத் தொடங்கியது.

"என்னுடைய எட்டாவது வயதில் என் அப்பா மரித்துப்போனார்."

நிறுத்தினாள். அடுத்த ஆங்கில வரிக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றது பந்தல்.

மூன்றாவது வரிசையில் ஒரு கிழட்டுக் குரல். "வேய் தங்கதுரை, நீரு எப்பவேய் செத்தீரு?"

கண்ணைத் திறந்தாள்.

அப்பா. மடியில் பைபிள், அதன்மேல் மூக்குக் கண்ணாடிக் கூடு. சுற்றியிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரித்துப்போனது, போன வருடம் பேச வந்த கனடாக்காரரின் அப்பா.

அவளுடைய எட்டாவது வயதில் அவள் அப்பா அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். தினமும். மழையிலும்.

அதில் சாட்சி எங்கே இருக்கிறது?

"மன்னிச்சிருங்க" என்றாள். "அது எங்க அப்பா இல்ல. எங்க அப்பா இங்கதான் இருக்காவ. இதுவரைக்கும் நான் சொன்ன எதுவுமே எனக்கு நடந்தது இல்ல."

மைக்கை வாயருகே இழுத்தாள்.

"ஆண்டவரு என்னய எதுக்கு வச்சிருக்காருன்னு எனக்கு இன்னும் தெரியல."

அல்லேலூயா இல்லை. ஃபேன்கள் சுற்றும் சத்தம் மட்டும்.

பாஸ்டர் எழுந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே மைக்குக்குக் கை நீட்டினார்.

பெண்கள் பக்கம், கடைசி வரிசையில், ஒருத்தி எழுந்து நின்றாள். முன்பின் பார்த்த முகமில்லை.

"ஏட்டி, மைக்கக் குடுத்துராத. எனக்கும் அப்படித்தான் இருக்கு. மேல சொல்லு."

பாஸ்டரின் கை நீட்டியபடியே நின்றது.

மேலே என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வாயைத் திறந்தாள்.