நடுச்சுவரின் வயது

“அந்தச் செங்கல்லைத் தட்டாதீங்க மேடம், அது என் பக்கத்துச் செங்கல்!” என்று இடது பக்க ஜன்னலிலிருந்து கத்தினார் க்ளெமென்ட் ஹார்கர்.

“தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. இந்த மனுஷன் வீடு வச்சிருக்கற லட்சணம் ஊருக்கே தெரியட்டும்!” என்று வலது பக்க ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார் டாரத்தி வேன்.

ரோசலிண்ட் சின்னச் சுத்தியலைப் பைக்குள் போட்டாள். பழைய கட்டடங்களின் வயதைக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே சிவப்புச் செங்கல் முகப்புதான். ஆனால் வாசல் இரண்டு. பழைய பெரிய வாசல் க்ளெமென்டுக்கு. ஒரு காலத்தில் குதிரை வண்டி போன வழியை அடைத்துப் போட்ட கதவு டாரத்திக்கு. உள்ளே ஒரு சுவர், வீட்டை நடுவில் இரண்டாக வெட்டியிருந்தது.

நகரசபை அவளுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: ‘நடுச்சுவர் எந்தக் காலத்தது என்று தெரிவிக்கவும்.’ எல்லைத் தகராறு என்று புரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். வந்த பிறகு சந்தேகமே இல்லை.

முதலில் க்ளெமென்டின் பக்கம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேலிருந்த ஓக் உத்தரத்தைப் பெருமையாகக் காட்டினார்.

“பாத்தீங்களா? என் பக்கம்தான் மூத்தது. இந்த உத்தரம் எதுக்கும் அசையாது.”

அழைக்காமலே பின்னால் வந்து நின்ற டாரத்தி, “உத்தரம் மட்டுமா? இந்த மனுஷனும்தான் எதுக்கும் அசையமாட்டார். மூணு வாரமா அந்த ஜன்னல் கொக்கி தொங்குது” என்றார்.

“இந்தம்மா பக்கம் மட்டும் என்னவாம்? மழை பேஞ்சா மாடிப்படியில நாலாவது படி முனகும்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் ரோசலிண்ட்.

“சுவர் மெல்லிசு மேடம். இந்தம்மா தும்மினா எனக்கு ஜலதோஷம் பிடிக்குது.”

ரோசலிண்ட் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினாள். நடுச்சுவர் கூரை வரை எட்டவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூரை மரமெல்லாம் ஒரே கரி. இறங்கி வந்தபோது அவள் மூக்கிலும் கரி.

“ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க புகைபோக்கி கிடையாது. கூடத்து நடுவுல தீ மூட்டுவாங்க, புகை நேரா கூரைக்குப் போகும். கரி ரெண்டு பக்கமும் இருக்கு. அதனால இது ஒரே கூடம், ஒரே மர வீடு. செங்கல் முகப்பெல்லாம் அப்புறம் மாட்டிவிட்ட புதுச் சட்டை. யார் பக்கம் மூத்ததுன்னு இனிமே சண்டை வேண்டாம்.”

“அதுவும் போச்சா!” என்றார் க்ளெமென்ட்.

கீழே முன்னறைக் கூரையில் சுண்ணாம்பில் செய்த பெரிய பூ ஒன்று இருந்தது. நாலு இதழ் க்ளெமென்டின் அறையில். மிச்சம் நாலு டாரத்தியின் அறையில்.

“பூவுக்கு வயசு இருநூத்து எண்பது. சுவர் அதை வெட்டிக்கிட்டுப் போகுது. அப்படின்னா சுவர் அதுக்கப்புறம் வந்தது.”

“எவ்வளவு அப்புறம்?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“பாக்கணும். நூறு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா அதையும் பாதுகாக்கணும்னு எழுதிடுவேன். அப்புறம் யாரும் அதுல ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.”

க்ளெமென்டின் முகம் தொங்கிப் போனது. டாரத்தி கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ரோசலிண்ட் நடுச்சுவரின் தரையோரத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொண்டாள். க்ளெமென்ட் மூன்று கோப்பை டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப் போனது.

கடைசியில் அவள் இடுக்கியை உள்ளே விட்டு, கசங்கிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றை வெளியே இழுத்தாள். அதில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தாள். சிரித்துவிட்டாள்.

“பத்தொன்பது வயசு! உள்ளே இருக்கறது கடையில வாங்கின அட்டைப் பலகை, புதுத் திருகாணி. மேல பூசின சுண்ணாம்புதான் ஆளை ஏமாத்துது. நாளைக்கே இடிச்சுத் தள்ளினாலும் ஏன்னு கேக்க ஆளில்லே.”

டாரத்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். க்ளெமென்ட் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் அடித்தார். “அப்பாடா! நாளைக்கே இடிச்சுடறேன்!”

ரோசலிண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இடிக்கவா போறீங்க? சுவர் யாருக்குச் சொந்தம்னு தகராறுன்னு இல்லே நினைச்சேன்! நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதைப் பாத்தா இன்னும் ரெண்டு சுவர் வேணும்!”

டாரத்தியின் கன்னம் சிவந்தது. “அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம்மா. அதுக்கப்புறமும் ராத்திரி சாப்பாட்டுக்கு மழையில தெருவைச் சுத்திக்கிட்டு வரச் சொல்றீங்களா?”

“அட, வாழ்த்துகள்!” ரோசலிண்ட் சந்தோஷமாகக் குறிப்பேட்டைத் திறந்தாள். “ஒரே ஒரு தகவல் பாக்கி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இதை யார் கட்டினாங்க, எதுக்குக் கட்டினாங்க, தெரியுமா?”

க்ளெமென்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் மேடம் கட்டினேன், அனுமதி வாங்காம. அதான் வாயைத் திறக்கலே” என்றார் கடைசியில். “இந்தம்மாவும் நானும் டைவர்ஸ் வாங்கின வாரத்துல.”