இந்த ஊரைத் தவிர

"இந்த ஊரைத் தவிர மத்த எல்லா ஊருக்கும் காட்டுன்னுதானே சொன்னேன், டெவன்?"

பள்ளிப் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் குனிந்தபடி போனில் பேசினாள் ஷெல்பி. பிள்ளைகள் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். ஆனாலும் குரலை உயர்த்தப் பயமாக இருந்தது.

"தப்பு என்னுதுதான். ரெண்டு பட்டனும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. 'தவிர'ங்கிறதுக்குப் பதிலா 'மட்டும்'ங்கிறதை அழுத்திட்டேன். ஆறு நாளா உங்க விளம்பரம் உங்க பெக்வித் ஊர்ல மட்டும்தான் ஓடியிருக்கு. இப்பதான் பார்த்து நிறுத்தினேன்."

"எங்க ஊர்ல மொத்தமே ரெண்டாயிரம் பேருடா."

"தெரியும். ஒவ்வொருத்தர் போன்லயும் நாலஞ்சு தடவையாவது வந்திருக்கும்."

டெவன் ஒமாஹா நகரத்தில் இருந்துகொண்டு காசுக்கு விளம்பரம் போட்டுக் கொடுப்பவன். ஷெல்பியின் விளம்பரம் ஊரில் யாருக்கும் தெரியக்கூடாத ஒன்று. சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் தன் படங்களைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை ஒன்றரை வருடமாக நடத்தி வந்தாள். வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கும் படங்கள்.

கணவன் விட்டுப் போன பிறகு பேருந்துச் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போயிற்று. ஆனாலும் அந்த வேலையை விட முடியாது. மகள் ஜூனிக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். அதற்கான காப்பீடு பள்ளி வேலையோடு வந்தது. விஷயம் பள்ளிக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் மருந்தும் போகும்.

"முகம் தெரியலைல்ல?" என்றாள்.

"முகமூடி, சிவப்பு விக்கு. தோள்ல இருந்த மச்சத்தைக்கூட அழிச்சுட்டேன். உங்க அம்மாவே பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

"எங்கம்மாவை இதுல இழுக்காத."

வீட்டுக்கு வந்தவள் கட்டிலில் சுருண்டாள். கை கால் சில்லிட்டிருந்தது. பின்சுவரில் ஈரக்கறையை மறைக்க மாட்டியிருந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காலையில் பெட்ரோல் பங்கில் அந்தப் பையன் ஏன் சிரித்தான்? தபால்காரர் ஏன் கையசைக்கவில்லை? யோசிக்க யோசிக்க ஊர் முழுக்கக் கண்ணாகத் தெரிந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. மார்லிஸ் காக். தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அதைவிட முக்கியம், அவள் கணவர் ஹார்லன்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர்.

"நாளைக்குப் பத்து மணிக்கு சர்ச்சுக்கு வா, ஷெல்பி. கீழ்த்தளத்துக்கு. தனியா வா."

"எதுக்கும்மா?"

"வா, சொல்றேன்."

அன்றிரவு ஷெல்பி ஜெபம் செய்ய நினைத்தாள். எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல், ஜூனியின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் பேருந்துச் சாவியை வளையத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொண்டாள். கேட்பதற்கு முன்னால் தானே கொடுத்துவிடலாம். அழாமல் கொடுக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் காபி மணம். பன்னிரண்டு பெண்கள் பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, பெக்கர் வீட்டுக் குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சபையில் இவர்கள் தைத்த போர்வை கிடைக்காமல் எந்தக் குழந்தையும் ஞானஸ்நானம் பெற்றதில்லை. ஷெல்பி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஊசிகளும் நின்றன.

"உட்காரு" என்றாள் மார்லிஸ்.

ஷெல்பி உட்காரவில்லை. சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பள்ளியில சொல்லிடுங்கம்மா. இந்த மாச மருந்து வர்ற வரைக்கும் மட்டும் பொறுக்கச் சொல்லுங்க."

"சாவி எதுக்கு எனக்கு? அவ்ளோ பெரிய வண்டியை இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நானா ஓட்டப் போறேன்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மார்லிஸ் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். அந்த விளம்பரம்.

ஷெல்பி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "முகம் தெரியாதுன்னு..."

"முகம் யாருக்குத் தெரிஞ்சுது? ஹார்லன்கூடப் பார்த்தார். யாரோ சிகாகோக்காரின்னு சொல்லிட்டார்."

"அப்ப எப்படிம்மா?"

மார்லிஸ் படத்தை விரலால் பெரிதாக்கினாள். முகமூடிக்குப் பின்னால் சுவரில் ஒரு போர்வை. ஒவ்வொரு சதுரத்திலும் தைத்தவள் பெயர்: வெர்னா, ஐடா, மார்லிஸ். நடுச் சதுரத்தில், 'எங்கள் ஜூனிக்கு'.

ஷெல்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாத" என்றாள் வெர்னா, ஊசியில் நூல் கோத்தபடி. "ஆம்பிளைங்க அந்தப் படத்துல போர்வையையா பார்க்கப் போறாங்க?"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ செய்யறது எங்களுக்குப் பிடிக்கலை. அதுக்காக ஜெபிக்கிறோம், அது தனி. கர்த்தருக்கு எல்லாம் தெரியும். ஹார்லனுக்குத் தெரிய வேண்டாம்."

சாவியைத் திருப்பித் தந்துவிட்டு, பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றையும் அவள் பக்கம் தள்ளினாள். ஷெல்பி பிரித்தாள். உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறத் திரை. நான்கு ஓரமும் அழுத்தமான கைத்தையல்; மாட்டுவதற்கு மேலே பன்னிரண்டு வளையங்கள்.

"போர்வையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போத்து. சுவத்துக்கு இதை மாட்டிக்கோ" என்றாள் மார்லிஸ். "இதுல யாரும் பேர் தைக்கலை."